பிரான்ஸ்காரருக்கு ஒரு குறிப்பு

பத்திரிகை அலுவலகத்தில் அவரைக் 'கட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருடமாக ஞாயிறு மலரின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? "கட்டம் வந்தாச்சா?", "கட்டம் டீ குடிக்கப் போயிருக்காரு" என்று பேசிப் பேசி, பத்திரிகை ஆசிரியரே ஒருநாள் கடிதத்தில் 'அன்புள்ள கட்டம்' என்று எழுதிவிட்டார். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அவரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தன் புதிரை யாரும் முழுக்க முடித்துவிடக் கூடாது. ஒரு கட்டமாவது காலியாக நிற்க வேண்டும். "சார், இந்த வாரம் முடிச்சுட்டேன்" என்று யாராவது வந்து சொன்னால் முகம் சிரிக்கும், வயிறு எரியும். அடுத்த வாரம் புதிர் இன்னும் இறுகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில்தான் சாப்பாடு. மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் இரண்டு மகள்களும் மருமகன்களும் வாரம் ஒருமுறையாவது ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்த வழக்கம் அது. சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேஜை மேல் ஞாயிறு மலரை விரிப்பார்கள். மூத்த மகளின் ஒரே பெண் பென்சிலை எடுத்துக்கொள்வாள். அவளை எல்லோரும் சிட்டு என்பார்கள். சிட்டு குறிப்பை வாசிக்க, ஆளுக்கொரு விடை சொல்ல, கட்டம் மட்டும் மேஜையின் ஓரத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். இளைய மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் மரியாதை கிடைத்த ஒரே நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

மற்ற நேரத்து மரியாதையெல்லாம் மூத்த மாப்பிள்ளைக்கு. அதாவது கட்டத்தின் சகலைக்கு. பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. தெருவில் அவருக்குப் பிரான்ஸ்காரர் என்று பெயர். பதினாறு வருடத்துக்கு முன்னால், சிட்டுவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்குக் கார் ஓட்ட பிரான்சுக்குப் போய் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து மகளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். பழைய ஊர்கள், மதில் சூழ்ந்த தெருக்கள், துறவிகள் கட்டிய மடங்கள், ஆற்றில் பாதியோடு நின்றுபோன பாலம். அந்தக் கடிதங்களைச் சிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அவற்றை வைத்துத்தான் என்பாள். வளர்ந்ததும் பிரெஞ்சு படித்தாள். கல்லூரியில் முதலாவதாக வந்தாள்.

கட்டம் அந்தக் குடும்பத்துக்குள் வந்தது சகலை திரும்பி வந்து இரண்டு வருடம் கழித்து. ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. பிரான்சில் கார் ஓட்டிய மனிதர் இங்கே சைக்கிளைக்கூடத் தொடுவதில்லை.

"அந்த ஊர் ரோட்டுல ஓட்டிட்டு இந்த ஊர் ரோட்டுல ஓட்ட மனசு வரலை தம்பி," என்று சகலை ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டமும் சிரித்துவைத்தார்.

சிட்டு கல்லூரி முடித்த வருடம், பத்திரிகையின் நூலக அறையில் அவர் கையில் ஒரு தடித்த பழைய புத்தகம் சிக்கியது. பிரான்சின் பழைய நகரங்களையும் மடங்களையும் பற்றிப் படங்களோடு யாரோ ஒரு பயணி எழுதியது. புரட்டப் புரட்ட அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதிலிருந்து வாரம் இரண்டு குறிப்பு எடுத்துப் போட்டால் எந்தக் கொம்பனாலும் புதிரை முடிக்க முடியாது.

முதல் ஞாயிறு, சிட்டு பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

"சித்தப்பா, இது அநியாயம். 'ரோமில் பெரிய தேவாலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரிய ஆலயம் இருந்த மடம். புரட்சிக்குப் பின் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். மூன்று எழுத்து.' இதையெல்லாம் யார் கண்டா?"

கட்டத்தின் கால் வேகமாக ஆடியது.

"க்ளூனி," என்றார் சகலை, கை துடைத்துக்கொண்டே. "க், ளூ, னி. மூணு வருதா பாரும்மா. அவ்வளவு பெரிய கோயில்ல இப்ப ஒரு ஓரமும் ஒண்ணு ரெண்டு கோபுரமும்தான் மிச்சம்."

சிட்டு மேஜையைத் தட்டினாள். "எங்க அப்பா இருக்கும்போது எனக்கென்ன பயம்!"

அடுத்த வாரம் குன்றின் மேல் மகதலேனா மரியாளுக்குக் கோயில் கட்டிய ஊர். "வெசலே." அதற்கடுத்த வாரம் இரட்டை மதில் சூழ்ந்த கோட்டை நகரம். "கார்கசோன்." பிறகு போப்பாண்டவர்கள் ரோமை விட்டு வந்து தங்கிய நகரம். "அவிஞோன், அதே பாதிப் பாலம் இருக்கிற ஊர்தான் சிட்டு, உனக்கு எழுதியிருந்தேனே." நான்கு வாரத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியாக நிற்கவில்லை.

"பெரியவரு இருக்கிற வரைக்கும் உங்க பருப்பு இங்க வேகாது சின்னவரே," என்று மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டத்தின் மனைவிகூடச் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கட்டம் அவளோடு பேசவில்லை.

ஐந்தாவது வாரம் ஃபோந்தெனே. துறவிகளின் மடமாக இருந்து, பிற்காலத்தில் காகித ஆலையானது. சகலை விடையைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மகள் கண் விரித்துக் கேட்கிற சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது.

"அதோட மணிக்கூண்டுல ஏறியிருக்கேன் நான். சாயங்காலம் மணி அடிச்சா பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்."

கட்டம் காலாட்டுவதை நிறுத்தினார்.

ஃபோந்தெனேயில் மணிக்கூண்டு கிடையாது. அந்தச் சபைத் துறவிகள் ஆடம்பரம் என்று அதை விலக்கியிருந்தார்கள். குறிப்பு எழுதும்போது கலைக்களஞ்சியத்தில் சரிபார்த்தவர் அவர். பழைய புத்தகத்தில்தான் பிழை. எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்த இரண்டு படங்களுக்கு அடிக்குறிப்பு மாறி அச்சாகி, வேறொரு ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு ஃபோந்தெனேயின் பெயரில் நின்றது. தானே பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். இல்லாத மணிக்கூண்டில் ஏறியவர் அந்தப் புத்தகத்தைத்தான் படித்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த மூன்று வருடம் மனிதர் எங்கே இருந்தார்?

பழைய இதழ்களைத் தைத்து அடுக்கி வைத்திருக்கிற அறை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வண்டியையே தொடாத டிரைவர் என்ற பழைய உறுத்தலோடு, அவர் 'பிரான்சுக்குப் போன' வருடத்து இதழ்களைத் தேடி, கட்டம் மூன்று நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தார். தூசியில் மூக்கு அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள், ஆறாம் பக்கத்தின் அடியில், விரல் நீளச் செய்தியாகச் சகலை கிடைத்தார். குடிபோதையில் லாரி ஓட்டி, பள்ளி விட்டு வந்த ஏழு வயதுச் சிறுமி மேல் ஏற்றிக் கொன்ற ஓட்டுநருக்கு மூன்றாண்டுச் சிறை. பெயர், தகப்பன் பெயர், தெரு, எல்லாம் பொருந்தின. சிறுமியின் பெயரும் இருந்தது.

அதை ஒரு தாளில் வரி பிசகாமல் எழுதிக்கொண்டார். அப்போது அவர் மனதில் இருந்தது பதைப்பு இல்லை, சந்தோஷம். கடைசிக் கட்டத்துக்கு எழுத்து கிடைத்ததுபோல ஒரு சந்தோஷம். இறந்துபோன அந்தப் பெண்ணை ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார், தனக்குள்.

அந்த மாதம்தான் சிட்டுவுக்குப் பிரான்சில் இரண்டு வருடம் படிக்க இடம் கிடைத்தது. வீடு தலைகால் புரியாமல் கிடந்தது. சிட்டு எல்லோரிடமும் ஒரே பாட்டாகப் பாடினாள்: "அடுத்த வருஷம் அப்பாவை அங்க வரவழைப்பேன். அவர் ஏறின மணிக்கூண்டுல நானும் ஏறணும்." அதைக் கேட்கும்போதெல்லாம் சகலை சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. அதை இப்போது கட்டத்தால் பார்க்க முடிந்தது. பார்த்து ரசித்தார்.

அவள் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்காக ஒரு புதிரைப் பொறுமையாகக் கட்டினார். பிரான்சின் மூன்று பெரிய மடங்கள் காலப்போக்கில் சிறைகளாக மாறியிருந்தன. கிளேர்வோ, ஃபோந்தெவ்ரோ, கடல் நடுவில் நிற்கும் மோன் சேன் மிஷேல். தேடிக் கண்டுபிடிக்கக்கூடத் தேவையில்லாமல் வரலாறு அவருக்காகவே செய்து வைத்திருந்தது போலிருந்தது. அவற்றைச் சுற்றி மற்ற சொற்களைக் கோத்தார்.

வெள்ளிக்கிழமை மெய்ப்புப் பார்க்கிற அம்மாள் தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இந்த ஒன்பதாவது குறிப்பு. கொஞ்சம் கொடூரமா இல்ல?"

"புதிர்னா கொஞ்சம் குத்தணும்மா."

"குழந்தைங்களும் போடுவாங்க சார்."

"போடட்டும்," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்தது. மேஜை மேல் மலர் விரிந்தது.

சிட்டு இந்தமுறை அப்பாவுக்கு இடமே கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரியாகப் போகிறவள் இல்லையா. "பெர்னார் என்ற துறவி தொடங்கிய மடம், நான்கு எழுத்து. கிளேர்வோ! 'சிங்கநெஞ்சன் என்ற ஆங்கில அரசன் அடக்கமான மடம்.' இது ஃபோந்தெவ்ரோ, ஃ-வுக்கும் ஒரு கட்டம் விட்டிருக்காரு சித்தப்பா, கஞ்சத்தனம் இல்லாத ஆளு. கடல் நடுவில, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்." மூன்றையும் நிரப்பிவிட்டு அடுத்ததை வாசித்தாள். "'மேற்படி மூன்று மடங்களும் பின்னாளில் ஆனது. ஐந்து எழுத்து.' சி, றை, ச், சா, லை. சிறைச்சாலை! கிளேர்வோ இப்பவும் ஜெயில்தான்ப்பா, தெரியுமா உங்களுக்கு?"

சகலை டம்ளரை எடுக்கப் போன கையை அப்படியே மேஜை மேல் வைத்தார். நிமிர்ந்து கட்டத்தைப் பார்த்தார். கட்டம் அந்தப் பார்வைக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தார். இருவருக்கும் புரிந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால்கூடப் போதும்.

"'சரக்கு ஏற்றும் வண்டி.' லாரி. 'சிறையில் கழிந்த காலம்.' மூன்றாண்டு, எழுத்து சரியா இருக்கு. ஒன்பது. 'பள்ளி விட்டவள், வீடு திரும்பாதவள். மூன்று எழுத்து.'" சிட்டுவின் குரல் இறங்கியது. "சிறுமி. என்ன சித்தப்பா இது, இப்படி ஒரு குறிப்பு?"

"போதும்மா, பேப்பரை மடி," என்றார் சகலை.

"ஏன் அண்ணே?" கட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லா வாரமும் நீங்கதானே முடிச்சுக் கொடுப்பீங்க. இன்னைக்கு என்ன வாயே திறக்கலை?"

சிட்டுவின் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத் துணி. "தம்பி, வேண்டாம்," என்றாள். அவள் கட்டத்திடம் எதையும் கேட்டுப் பழகாதவள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வேண்டாம்."

கட்டத்துக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

"சிட்டு, ஃபோந்தெனேல மணிக்கூண்டே கிடையாது. உன் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கலையா?"

"அப்பா ஏறியிருக்காரே."

"அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படி ஏறினாருன்னு அவரையே கேளு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

தாளை யாரும் தொடவில்லை. மாமனார் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரியாது. மூத்த மகள் அவரிடமும் பிரான்ஸ் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"நானே சொல்லிடறேன்," என்றார் சகலை. சொன்னார். நீட்டி முழக்கவில்லை. குடித்திருந்தேன், மழை, வளைவு, குடையோடு வந்த பெண், மூன்று வருடம் உள்ளே. அவ்வளவுதான். சொல்லும்போது கண் மகள் கையிலிருந்த பென்சில் மேலேயே இருந்தது.

சிட்டு அழவில்லை. பரீட்சைத் தாளில் கேள்வி கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அவளுக்கு என்ன வயசு?"

"ஏழு."

"எனக்கு அப்ப ஆறு."

"ஆமாம்மா."

"அந்த லெட்டர் எல்லாம்?"

"உள்ள லைப்ரரின்னு ஒரு அலமாரி. அதுல படம் போட்ட புத்தகம் ஒண்ணே ஒண்ணு. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். உங்கம்மா பார்க்க வரும்போது கொடுத்து விடுவேன்."

"ஸ்டாம்ப்?"

"பழைய ஸ்டாம்ப் விக்கிற கடையில வாங்கி ஒட்டினேன்," என்றாள் அம்மா, வாசலிலிருந்து. "நீ தினமும் அப்பா எங்கேன்னு கேட்டே. நான் என்னடி பண்ணட்டும்?"

சிட்டு தலையாட்டினாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு வாரம் ஒண்ணுன்னு மூணு வருஷம் எழுதியிருக்கீங்க. அவங்க அப்பா அம்மாவுக்கு ஒரு லெட்டராவது எழுதினீங்களா?"

சகலை மேஜையில் கிடந்த தாளை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தார்.

"எழுதலை," என்று அவளே சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்ற அம்மாவை விலக்கிக்கொண்டு போனாள். புறப்படும் நாள் வரை தோழி வீட்டில் தங்கினாள். செவ்வாய்க்கிழமை வழியனுப்ப யாரும் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். சகலை போனார். விமான நிலையத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

கட்டத்தின் மனைவி மூன்று நாள் கணவனோடு பேசவில்லை. நான்காம் நாள் அவரே கேட்டார், "நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"இல்லையே."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் துவைத்த துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள், "உங்களைக் கட்டின ஆறு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட ஒண்ணைக் கொடுத்தா, அதை வெச்சு என்னைக்காவது யாரையாவது குத்துவீங்க."

அலுவலகத்தில் நிலைமை வேறு. வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. இதுவரை வந்ததிலேயே அருமையான புதிர் என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஆசிரியர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அத்தோடு நின்றுபோனது. கிழவர் மலரை வாங்குவதையே நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

இரண்டு மாதம் கழித்துக் கட்டத்தின் பெயருக்கு அலுவலக முகவரியில் ஒரு படத் தபால் அட்டை வந்தது. முன்பக்கம் ஃபோந்தெனே. பின்பக்கம் சிட்டுவின் கையெழுத்து.

'சித்தப்பா, நேரில் போய்ப் பார்த்தேன். மணிக்கூண்டு இல்லை. எனக்கு உண்மை சொன்னது நீங்கள் ஒருவர்தான். உங்களை மன்னிக்கவும் முடியவில்லை, வேறு யாருக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை.'

அட்டையை மேஜை இழுப்பறையில் போட்டார். அதே வாரம் வியாழக்கிழமை சகலை அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று கட்டம் எதிர்பார்த்தார். சகலை அப்படி எதுவும் செய்யவில்லை.

"தம்பி, உங்களுக்கு எழுதினாளா? எங்களுக்கு ஒண்ணும் வரலை. சௌக்கியமா இருக்காளான்னு தெரிஞ்சா போதும்."

இழுப்பறை அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது. எடுத்துக் காட்டினால் 'மன்னிக்க முடியவில்லை' என்ற வரியையும் காட்ட வேண்டும். அதுவும் இந்த மனிதரிடம். "இல்லையே அண்ணே," என்றார் கட்டம்.

"வந்தா சொல்லுங்க," என்று எழுந்து போய்விட்டார்.

ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் மறுமுறை இருக்கிறது என்று சொல்வது கஷ்டம். அடுத்த மாதம் வெசலேயிலிருந்து ஒன்று வந்தது. அதற்கடுத்து க்ளூனி. அதில் எழுதியிருந்தாள்: 'அப்பா கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.' சகலை மாதம் தவறாமல் வியாழக்கிழமை வந்தார், கேட்டார். கட்டம் மாதம் தவறாமல் இல்லை என்றார். முதலில் வெட்கத்தில் சொன்னது. போகப் போக அந்தப் பெரிய உடம்பு படியேறி வந்து தன் முன்னால் குனிந்து நிற்பதில் மனம் ஒரு சுகம் கண்டது. ஐந்து வாரம் தன்னைத் தோற்கடித்தவர் அல்லவா?

குளிர்காலத்தில் சிட்டுவிடமிருந்து முழுக் கடிதமே வந்தது. 'என் முகவரியை அப்பாவிடம் கொடுத்தீர்களா? ஒரு வரிகூட எழுதவில்லையே. அன்று நான் பேசியது அதிகம்தான். கேட்டுச் சொல்லுங்கள்.'

கட்டம் அன்றைக்கே பதில் எழுதினார். 'கேட்டேன். இப்போதைக்கு எழுத விருப்பமில்லை என்கிறார். அவரைத் தொந்தரவு செய்யாதே.' தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சிட்டுவிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்த மாதம் முதல், சகலையிடம் இல்லை என்று அவர் சொன்னது உண்மையாகவே ஆகிவிட்டது.

வருடம் திரும்பியது. ஒரு வியாழக்கிழமை சகலை வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தளர்ந்து நின்றது.

"நம்ம பேப்பர் அங்க அவ காலேஜ் லைப்ரரிக்கு வருதாம். அவ தோழி சொன்னா, அட்ரஸ் மட்டும் தர மாட்டேங்கறா. அவ எங்க இருந்தாலும் உங்க புதிரைப் போடாம இருக்க மாட்டா. அதான், நானே ஒண்ணு எழுதிப் பார்த்தேன்."

சீட்டில் பென்சிலால், அழித்து அழித்து, ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'சிறையில் இருந்து வந்த தந்தை, இறந்த குழந்தையின் வீட்டாரிடமும் தன் மகளிடமும் கேட்பது. ஐந்து எழுத்து.' கீழே விடை. ம, ன், னி, ப், பு.

"அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன் தம்பி," என்றார் சகலை. "சிட்டு கேட்டா இல்ல, ஒரு லெட்டராவது எழுதினீங்களான்னு. லெட்டர் எழுத வரலை. நேர்ல போனேன். அந்தப் பொண்ணோட அப்பா கதவைத் திறந்தாரு. யாருன்னு சொன்னேன். சாத்திட்டாரு. சரி, சாத்துவாருதானே. ஆனா போனேன்னு அவளுக்குத் தெரியணும்."

கட்டம் சீட்டைத் தொழிற்கண்ணோடு பார்த்தார். "ரொம்ப வெளிப்படையா இருக்கு அண்ணே. குறிப்புன்னா இப்படிப் போட்டு உடைக்கக் கூடாது."

"அப்ப நீங்க கொஞ்சம் மறைச்சு எழுதிக் கொடுங்களேன். உங்களுக்கு வராததா?"

"பார்க்கறேன். இடம் கிடைக்கணும்."

"அவசரமில்லை. எந்த வாரம்னாலும் சரி." சகலை கும்பிட்டார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரைக் கும்பிட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

கட்டம் அந்த வாரப் புதிரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அநேகமாக முடிந்திருந்தது. மேலிருந்து கீழாக, பதினொன்றாம் எண்ணில் மட்டும் ஒரு சொல் பாக்கி. ஐந்து கட்டம். முதல் எழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது: ம. மற்ற நான்கும் எதன் மேலும் இடிக்காமல் வெறுமனே நின்றன.

சிறிது நேரம் பென்சிலைக் கையில் வைத்திருந்தார். பக்கத்து மேஜையிலிருந்து யாரோ, "கட்டம், டீ வந்தாச்சு, வரீங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். "இதோ, ஒரு நிமிஷம்," என்றார்.

மண்வெட்டி என்று எழுதினார். 'தோட்டக்காரர் குழி தோண்டப் பயன்படுத்துவது' என்று குறிப்புப் போட்டார். சகலையின் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, டீ ஆறுவதற்குள் எழுந்து போனார்.